ஓசூரில் 40 லட்சத்துக்குள் அடுக்குமாடி வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதில் விழுகிற, கடைவீதி பக்கத்திலேயே இருக்கிற பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு வேண்டும். பாகலூர் ரோடு, மத்திகிரி இரண்டும் யோசனையில் உள்ளன. புதுசா, கைமாறியதா?

பதில் 1: முதலில் யுடிஎஸ், அதாவது மனையில் உங்க வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று கேளுங்க. மனை 10,000 சதுர அடி, மொத்தக் கட்டுமானம் 20,000 என்றால் 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 வரணும். சில பில்டர்கள் 350 எழுதிவிட்டு மிச்சத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு இடித்துக் கட்டும்போது நஷ்டம் உங்களுக்குத்தான். 8 வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவு எண் கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கவே கொடுக்காதீங்க, சட்டமே அதுதான்.

பதில் 2: செலவுக் கணக்கு இது. புது வீட்டின் முதல் விற்பனையில் 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4, பதிவு 2, ஆக 6 சதவீதம். கைமாறியதற்கு 9. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு: 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 90 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம், தாண்டினால் 5. நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

பதில் 3: வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்க, தாய்ப்பத்திரத்தோடு (மனையின் பழைய மூலப் பத்திரம்) ஒப்பிடுங்க. தண்ணீரை மறந்துடாதீங்க அண்ணா! ஒகேனக்கல் குடிநீர் இணைப்பு இருக்கா, போர்வெல் மட்டுமா, ஏப்ரல், மே மாதத்தில் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்க. குழாய் வாயில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்புத்தண்ணீர். ஹீட்டர் காயில் சீக்கிரம் போகும்.