அம்மா நினைவா வீட்டுல குறிஞ்சி வளர்க்கலாமா?

மதுரைக்காரி:
அம்மா போன மாசம் தவறிட்டாங்க. எழுபது வயசுக்கு மேலயும் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, அட்டை கடிக்காம இருக்கக் கால்ல புகையிலையைத் தேய்ச்சுக்கிட்டுக் காடு ஏறுன மனுஷி. 2006ல எங்களைக் கொடைக்கானலுக்குக் குறிஞ்சி பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. 2018ல பேத்தியை. பூவைப் பறிக்கப் போனவ கையில பட்டுனு ஒண்ணு விழுந்துச்சு! 2030க்கும் திட்டம் வெச்சிருந்தாங்க. மொட்டை மாடியில குறிஞ்சி வருமா?

மலைப்பித்தன்:
மதுரை வெயிலுக்கு நிக்காதுங்க. 1,300 மீட்டருக்கு மேல, சோலையை ஒட்டின புல்வெளியில வளர்ற செடி. 12 வருஷத்துக்கு ஒருக்கா பூத்து, விதை விட்டதும் பட்டுடும். மலையில விதை பொறுக்கிட்டும் வந்துடாதீங்க, அம்மா அதுக்கும் ஒண்ணு வெப்பாங்க.

தோட்டக்காரன்:
வாசல்ல இடம் இருந்தா நாவல் வைங்க. குருவி, அணில், வௌவால் எல்லாம் வரும்.

மதுரைக்காரி:
நாவலே சரி. அம்மா கிளையை உலுக்கித் தின்னுட்டு ஊதா நாக்கோட வந்து நிப்பாங்க. ஆனா பேத்தி விடமாட்டேங்கிறா, "அப்ப 2030?"ங்கிறா. எந்த மாசம் போகலாம்?

மலைப்பித்தன்:
ஆகஸ்ட்ல இருந்து அக்டோபருக்குள்ள. மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கோங்க.