பத்துக் கடைவீடு: பெட்டி வாங்கவா, அட்டை வெட்டவா?

சிப்புட்_பையன்:
வணக்கம். நாலடிக்கு ரெண்டடி பலகையில ஒரு குட்டி மாதிரி ரயிலும் ஊரும் கட்டுறேன். 9 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டாச்சு, ரயிலும் ஓடுது. ஊர்தான் இன்னும் வரல. செய்ய நினைக்கிறது 1965 வாக்கில மலேசியா பேராக் மாநிலத்துல ஒரு தோட்டப் பட்டணம். பாதி சுங்கை சிப்புட், பாதி அப்பா சொன்ன கதை. ஒரு ஸ்டேஷன், ஒரே ஒரு கடைத்தெரு, மூலையில மாரியம்மன் கோயில், தோட்டத்துக்குப் போற செம்மண் ரோடு. கடைத்தெருவுக்கு மட்டும் பத்துக் கடைவீடு (கீழ கடை, மேல வீடு) வேணும். ஒட்டிச் சேர்க்கிற ஜப்பான் பிளாஸ்டிக் வீட்டுப் பெட்டி (1:150 அளவு, நிஜத்துல 150ல ஒரு பங்கு) வாங்கி மாத்திக்கவா, இல்ல நானே அட்டை வெட்டிக் கட்டவா? வேலை முடிஞ்சு வந்தா ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது.

பெட்டிக்கடை:
வாங்கிடு தம்பி. நானும் உன்ன மாதிரி வீராப்பா ஆரம்பிச்சவன்தான். ரெண்டு வருஷத்துல ஒன்றரை வீடு முடிச்சேன். அந்த அரை வீடு இன்னும் பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்கு. மேல ஒரு மாடி, ஓட்டுக் கூரை, மரச் சன்னல். மூணடி தள்ளி நின்னு பாக்கிறவனுக்கு ஜப்பானும் ஒண்ணுதான் பேராக்கும் ஒண்ணுதான். முன்னால நாலு தூண ஒட்டு, சீன எழுத்துல பலகை மாட்டு, முடிஞ்சது.

மீட்டர்கேஜ்:
மன்னிக்கவும், முடியவில்லை. நம் கடைவீட்டின் முகமே அஞ்சடி நடைபாதைதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த உத்தரவில் தொடங்கி மலாயாப் பட்டணங்கள் பலவற்றுக்கும் பரவிய வழக்கம் அது. கீழே நடைபாதை, அதன் மேலே மாடி. ஜப்பான் வீட்டுக்கு முன்னால் தூணை ஒட்டினால் அது பந்தல், அஞ்சடி ஆகாது. தரைத்தளச் சுவரை முழுதாக அறுத்து 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். அதற்கு மேல் தரை போட வேண்டும், கடைக்குக் கடை தடுப்புச் சுவரை முன்னே நீட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகு அந்தப் பெட்டியில் மிஞ்சுவது கூரை மட்டும். கூரைக்கா அவ்வளவு பணம்?

பெட்டிக்கடை:
அறுக்க அரை மணி நேரம் ஆகும் அண்ணே. உங்களுக்கு ரிட்டையர் ஆயிடுச்சு, தம்பிக்கு இல்ல.

அட்டைக்காரி:
ரெண்டு பேரும் பத்து வீடு பத்து வீடுன்னே பேசுறீங்க. பத்து வீடு எங்க இருக்கு? ஒரே வரிசை. ஒரு தவுக்கே (சீன முதலாளி) மொத்தமா கட்டி வித்தது. பக்கத்துச் சுவர் பொது. வெளியில தெரியுறது ரெண்டு கோடியில இருக்கிற சுவர் மட்டும்தான். உள்ள வெறும் பெட்டி போதும். ஆக வேலை முழுக்க முகப்புல. அதுலயும் மாதிரி ரெண்டு இருந்தா தாராளம்.

நான் பிளான் வரையிற வேலை செய்யறவ, அதனால அளவாவே சொல்றேன். படம் ஃபிரேம் போடுற கடையில 1.5 மில்லிமீட்டர் அட்டை கிடைக்கும். 1:150ல அது 225 மில்லிமீட்டர், அதாவது நம்ம ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? கடை அகலம் இருபதடின்னு வச்சா ஒரு முகப்பு 40 மில்லிமீட்டர் சொச்சம், பத்தும் சேர்ந்து 41 சென்டிமீட்டருக்குள்ள அடங்கும். சன்னல் கதவோட சரிவுப் பலகைகளை ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டாத, பைத்தியம் பிடிச்சிடும். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டுல கத்தி முதுகால கோடு இழு, பச்சைப் பெயிண்ட் அடி, கோட்டுக்குள்ள கறுப்புத் தண்ணிய ஓட விடு.

ஒரு எச்சரிக்கை. என் முதல் வரிசை வருஷக் கடைசி மழையில வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுது. நம்ம ஊர் ஈரத்துக்கு அட்டைய ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சுக் காய வச்ச பிறகுதான் வெட்டணும். உள்ள குறுக்குத் தடுப்பு கட்டாயம்.

ரெசின்_ராஜா:
2025லயும் கத்தி, பசைன்னு பேசிக்கிட்டு இருக்கீங்களே லா. ஒரு முகப்பக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சா 3டி மிஷின்ல பத்து அச்சடிக்கலாம். 0.05 மில்லிமீட்டர் அடுக்கு. சன்னல் பலகை, தூண் தலைப்பூ, மாடிக் கைப்பிடி எல்லாம் தானா வரும்.

மீட்டர்கேஜ்:
மிஷின் கட்டியதை நான் கட்டினேன் என்று சொல்லக் கூடாது.

அட்டைக்காரி:
அது நியாயமில்ல அண்ணே. வரைஞ்சது அவர்னா கட்டினதும் அவர்தான். அளந்து வரையிறதுதான் உண்மையான வேலை, வெட்டுறது கத்தியா மிஷினாங்கிறது அடுத்த பேச்சு. ஆனா ராஜா, பத்தும் ஒரே அச்சா இருந்தா தாமான் (புதுக் குடியிருப்பு) வீடு மாதிரி ஆயிடும். அம்பது வருஷக் கடை வரிசையில ஒரு ஓடு சரிஞ்சிருக்கும், ஒரு சன்னல்ல பாதிப் பலகை இருக்காது. சன்னலுக்கு உன் மிஷின், சுவருக்கு என் அட்டை. சரியா?

சிப்புட்_பையன்:
அளக்கணும்னா எதை வச்சு அளக்க? என்கிட்ட இருக்கிறது அப்பாவோட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கடை வரிசை தெரியுது, முன்னால ஒரு மோரிஸ் மைனர் காரு நிக்குது.

பெட்டிக்கடை:
அப்புறம் என்ன? மோரிஸ் மைனர் நீளம் 3.76 மீட்டர், உயரம் அஞ்சடி. அதையே அடிக்குச்சியா வச்சுக் கணக்குப் போடு.

அட்டைக்காரி:
போட்டா வீடு குட்டையாத்தான் வரும். காடி ரோட்டுல நிக்குது, சுவர் அதுக்குப் பின்னால பல அடி தள்ளி இருக்கு. கிட்ட இருக்கிறது பெருசாத் தெரியும். சுவரோட அளவு வேணும்னா சுவர் மட்டத்துலயே இருக்கிற பொருள வச்சுக் கணக்குப் போடணும். பழைய வரிசை ஏதாவது ஒண்ணு பக்கத்துல மிச்சம் இருக்கும். சனிக்கிழமை டேப்போட போய்த் தூணுக்குத் தூண் அள. அஞ்சடின்னு பேருதான், ஆறடி, ஏழடி அகலமும் இருக்கும்.

மீட்டர்கேஜ்:
தம்பி, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கே.டி.எம். (மலாயா ரயில்வே) பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். உன் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை 1:150ஆல் பெருக்கினால் 1350. ஓர் அடிக்கும் மேல் கூடுதல். 1:120 என்று வைத்தால் 1080, கண்ணுக்கு உறுத்தாது. பெட்டி வாங்குகிறவனுக்குத்தான் பெட்டி சொல்லும் அளவு கட்டாயம். வீடு, கோயில், ஸ்டேஷன் எல்லாவற்றையும் நீயே கட்டப் போகிறாய் என்றால் 1:150க்கு ஏன் அடிமையாக இருக்க வேண்டும்?

பெட்டிக்கடை:
ஆகா. அவன் வாங்கி வச்சிருக்கிற ரயில் 1:150. 1:120 வீட்டுப் பக்கத்துல அது பொம்மை ரயிலாத் தெரியும். பத்துக் கடையும் 41ல இருந்து 51 சென்டிமீட்டர் ஆயிடும், கோயிலத் தூக்கி எங்க வைக்கிறது?

மீட்டர்கேஜ்:
ரயிலின் அடிப்பாகம் அப்படியே இருக்கட்டும். மேல் உடம்பை மட்டும் புதிதாகக் கட்டினால் 1957இல் வந்த 20ஆம் வகுப்பு டீசல் இன்ஜினே கிடைக்குமே. கடை எட்டாகக் குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

சிப்புட்_பையன்:
அண்ணே, நான் கடைவீடு கேட்டேன், நீங்க ரயிலையும் கட்டச் சொல்றீங்க 😅 ஆனா ராத்திரி தூக்கம் வரல. மைலோ டப்பா அட்டையில ஒரு முகப்பு 1:150லயும் ஒண்ணு 1:120லயும் வெட்டித் தண்டவாளம் பக்கத்துல நிக்க வச்சேன். ரயில் இல்லாதப்ப பெருசு நல்லா இருக்கு. ரயில் வந்தா சின்னது.

லயத்துப்பிள்ளை:
நாலு நாளாப் படிக்கிறேன். ரயில் தெருவுக்கு எந்தப் பக்கம் ஓடுது?

சிப்புட்_பையன்:
பலகையோட முன் ஓரத்துல. அதுக்குப் பின்னால கடை வரிசை.

லயத்துப்பிள்ளை:
அப்ப நீ பாக்கப் போறது கடையோட முதுக. நான் சின்னப் பிள்ளையில ரயில் சன்னல்ல பாத்ததெல்லாம் முதுகுதான்: தகரம் போட்ட குசினி, இரும்புச் சுருள் படி, காயப்போட்ட கைலி, கால்வாய், மலவாளி எடுக்கிற குட்டிக் கதவு. கடைத்தெரு முன்பக்கம் யாருக்கும் தெரியாது. இதுக்கா அஞ்சடிக்கு இத்தனை சண்டை?

பெட்டிக்கடை:
😂😂 தூண் செலவு மிச்சம்.

மீட்டர்கேஜ்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதுகு எந்த ஜப்பான் பெட்டியிலும் வராது.

அட்டைக்காரி:
முதுகுன்னா தகரம். அது சுலபம். தகரத்து அலை மூணு அங்குலம், 1:150ல அரை மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் போல்ட்டோட மரை இடைவெளியும் அரை மில்லிமீட்டர்தான்! பழைய ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) மேல அலுமினியத் தாள விரிச்சு, போல்ட்ட அழுத்தி உருட்டு. அலை கொஞ்சம் சாய்வா விழும். தாள அலைக்கு நேரா வெட்டிக்கிட்டா போதும். மேல துருக் கலர்.

மீட்டர்கேஜ்:
ஜப்பானிலிருந்து இந்த ஊருக்கு வேண்டியது அந்தச் சிலிப்பர் மட்டும்தான்.

பெட்டிக்கடை:
1:120னா எந்த போல்ட்?

அட்டைக்காரி:
4 மில்லிமீட்டர். மரை 0.7, கிட்டத்தட்டப் பொருந்தும். தம்பி, இரும்புக்கடையில எதை வாங்கினன்னு சொல்லு. உன் ஊர் எந்த அளவுன்னு அதுல தெரிஞ்சிடும்.

சிப்புட்_பையன்:
இப்பதான் கடையில இருந்து வந்தேன் அக்கா. ரெண்டும் வாங்கிட்டேன்.