பிரஸ் இல்லாமல் இன்டாலியோ பிரிண்ட்: மட்டக்களப்புப் பக்கம் யாராவது செய்கிறீர்களா?

சித்திரக்காரி (ஆரையம்பதி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக இன்டாலியோ, அதாவது தகட்டின் பள்ளத்துக்குள் நிற்கிற மையைக் கடதாசிக்கு எடுக்கிற அச்சு, பழகுகிறேன்; அக்ரிலிக் தகட்டில் ஊசியால் கீறி டிரைபாயின்ட் பிரிண்ட் எடுக்கப் பார்க்கிறேன். வாவிக்கரைக் கண்டல் வேர், கட்டிப்போட்ட தோணி, இப்படியானவைதான் வரைவது. கீறலைக் கையால் தடவினால் நல்ல ஆழம் தெரிகிறது, ஆனால் கடதாசியில் சாம்பல் நிறத்தில் பாதிக் கோடுதான் விழுகிறது, மீதி எங்கே போகிறது என்று விளங்கவில்லை. தண்ணீரில் கரைகிற அச்சு மை பாவிக்கிறேன், கடதாசியை மேலே வைத்துக் கரண்டி முதுகால் தேய்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு எட்சிங் பிரஸ் (தகட்டையும் கடதாசியையும் உருளைக்கு நடுவே அமுக்குகிற மெஷின்) எடுப்பிக்க விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பிரஸ் இல்லாமல் முடியுமா? அடுத்தது, எலெக்ட்ரோனிக் சாமான் கடையில் பெரிக் குளோரைட் கிடைக்கிறது, வீட்டில் அலுமினியத் தகடு கிடக்கிறது. அதில் எட்சிங், அதாவது கரைசலால் கோட்டை அரித்து எடுப்பது, செய்து பார்க்கலாமா?

கல்முனை காக்கா

தங்கச்சி, முதலில் கரண்டியைக் கீழே வையுங்க. கரண்டி செதுக்கின லினோ விரிப்புக்கும் மரக்கட்டைக்கும் சரி, அதில் மை மேட்டில் நிற்கிறது, கடதாசி தொட்டாலே ஒட்டும். இதில் மை பள்ளத்துக்குள் கிடக்கிறது, கடதாசி உள்ளே இறங்கி அதை அள்ளிக்கொண்டு வர வேண்டும், அதற்குக் கை அமுக்கம் காணாது. இரண்டு உருளைக்கு நடுவே போகவேண்டும்.

செலவில்லாத வழி, பாஸ்டா மாவு தட்டுகிற சின்ன மெஷின். பதினைந்து சென்ரிமீற்றர் அகலம்தான் வரும், அஞ்சலட்டை அளவுக்குப் போதும். ஆனால் இரண்டு மில்லிமீற்றர் அக்ரிலிக்கை அதற்குள் தள்ளப் பார்க்காதீங்க, உருளை இடைவெளி சின்னது. பால் வருகிற டெட்ரா பெட்டியை வெட்டி விரித்து, உள்பக்கம் மினுங்குகிற பக்கத்தில் கீறுங்க. மென்மையானது, ஊசி வழுக்கிக்கொண்டு ஓடும். கறுப்பாக வேண்டிய இடத்தில் மேல் தோலைக் கத்தியால் உரித்துவிட்டால் உள்ளே இருக்கிற மட்டை மையைக் குடித்துவிடும், அங்கே நல்ல இருட்டு விழும். சில பிரதியோடு பெட்டி நைந்துபோகும், அதனால் என்ன, இன்னொரு பால் பெட்டி.

நகைப் பட்டறையில் தகடு நசுக்குகிற ரோலிங் மெஷினிலும் சின்னப் பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் ஈரக் கடதாசி பட்டால் உருளை துருப்பிடிக்கும் என்று பட்டறைக்காரர் விடமாட்டார், அவர் பயமும் நியாயம்தான்.

மைவிரல்

பிரஸ் வேணும் என்பது சரி காக்கா, ஆனால் இந்தப் பிள்ளைக்கு இப்ப முதல் பிரச்சினை பிரஸ் இல்லை. நாளைக்கே ஒரு பிரஸ் வந்து இறங்கினாலும் அந்த மையோடும் காய்ந்த கடதாசியோடும் இதே சாம்பல்தான் வரும்.

தண்ணீர் மையை விடுங்க. மட்டக்களப்பு வெக்கையில், அதுவும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், நீங்கள் துடைத்து முடிக்க முதலே அது கீறலுக்குள் காய்ந்துவிடும், பிறகு எந்த அமுக்கத்துக்கும் வெளியே வராது. எண்ணெய் மைதான் வேணும். எட்சிங் மை கிடைக்காவிட்டால் தெரிந்த அச்சகத்தில் கொஞ்சம் கறுப்பு ஆப்செட் மை கேட்டு வாங்குங்க. அது பசை மாதிரி இழுபடும், மெக்னீசியம் காபனேற்றுத் தூள் கொஞ்சம் குழைத்தால் அந்த இழுவை குறையும். மிஞ்சி இறுகிப்போனால் இரண்டு சொட்டு லின்சீட் ஒயில்.

துடைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பழைய கிரெடிட் காட் துண்டால் மையைத் தகடு முழுக்க இழுத்துக் கீறலுக்குள் இறக்குங்க. பிறகு கஞ்சி போட்ட மெல்லிய வலைத்துணியை உருண்டையாகப் பிடித்து, வட்டம் வட்டமாக, தகட்டோடு படுத்த மாதிரித் துடையுங்க. குத்தித் துடைத்தால் துணி கீறலுக்குள் போய் மையைத் தோண்டி எடுத்துவிடும். உங்கள் பாதிக் கோடு தொலைகிற இடம் இதுவாகவும் இருக்கலாம். கடைசியாகப் பழைய டெலிபோன் புத்தகத்தின் தாளை உள்ளங்கைக்குக் கீழே தட்டையாக வைத்து இரண்டு தரம் வழித்தால் வெள்ளை தெளியும். முழுக்க வழிக்காதீங்க, டிரைபாயின்டில் ஊசி கிளப்பிவிட்ட பிசிறுதான் மையைப் பிடித்துவைத்து அந்த வெல்வெட் மாதிரிக் கோட்டைத் தருகிறது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிரான்ட் எட்சிங் தகட்டின் மேல் பிறகு ஊசியால் நேரடியாகக் கீறியதும் அந்த இருட்டுக்காகத்தான். பிசிறு ஒவ்வொரு அமுக்கத்திலும் நசியும், அக்ரிலிக்கில் பத்துப் பதினைந்து பிரதிக்குப் பிறகு கோடு மெலிந்துவிடும், அதனால் எண்ணிக்கையைச் சின்னதாக வையுங்க.

கடதாசி பருத்திக் கடதாசியாக இருந்தால் நல்லது, சதுர மீற்றருக்கு 250 கிராமுக்குக் குறையாமல். தட்டில் தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்து, துவாய்க்கு நடுவே வைத்து ஒற்றி எடுங்க. மினுக்கம் தெரியக் கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர வேணும், அதுதான் பதம். மாரி காலத்தில் நனைத்த கடதாசியை அடுக்கி ராத்திரி வைத்துவிட்டுப் படுக்காதீங்க, பூஞ்சணம் வந்துவிடும்.

தகட்டின் நாலு விளிம்பையும் அரத்தால் சரிவாக ராவிவிடவும் வேணும், இல்லையென்றால் பிரஸில் கடதாசியையும் அதன் மேல் போடுகிற கம்பளியையும் வெட்டும். கழுவத் தின்னர் தேவையில்லை, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சவர்க்காரம் போடுங்க. எண்ணெய் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது, அது காயாத எண்ணெய், அடுத்த மையைக் கெடுக்கும்.

பிரஸுக்கு ஒரு வழி: கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிப்பிக்கிறார்கள், ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்க.

அக்கரைப்பற்று வாத்தி

அலுமினியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. தயவுசெய்து அலுமினியத்தைப் பெரிக் குளோரைட்டில் போடாதீங்க பிள்ளை. சடுதியாகக் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், ஐதரசன் வாயு கிளம்பும், பிளாஸ்டிக் தட்டு இளகிக்கூடப் போகலாம். அந்தக் கரைசல் செம்புத் தகட்டுக்கு. செம்பில் அது அமைதியாக வேலை செய்யும், நைத்திரிக் அமிலம் மாதிரி நச்சுப் புகை வராது. தகட்டை முகம் குப்புற மிதக்கவிட்டால் கோட்டுக்குள் வண்டல் தேங்காமல் ஒரே சீராக அரிக்கும். துணியில் பட்டால் கறை போகாது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அலுமினியம்தான் கையில் இருக்கிறது என்றால் மயில்துத்தமும் உப்பும் சம அளவில் தண்ணீரில் கரைத்த கரைசல் பாவிப்பார்கள். அதிலும் சூடும் ஐதரசனும் வரும், ஐதாகத் தொடங்கி, வெளியே காற்றோட்டமான இடத்தில், அடுப்பு நெருப்புக்குத் தூரமாகச் செய்யுங்க.

இன்னொன்று. பாவித்த கரைசலைக் கானில் ஊற்றாதீங்க, கான் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது, செம்பு மீனுக்கு நஞ்சு. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க, நுரைத்து அடங்கும், செம்பு அடியில் படியும். படிவை வடித்துக் காயவைத்துப் போத்தலில் மூடி, ஆபத்தான கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்க.

சித்திரக்காரி (ஆரையம்பதி)

எல்லாருக்கும் பெரிய நன்றி. அலுமினியத்தைத் திரும்பக் கொல்லையில் போட்டாச்சு சேர். மைவிரல் அக்கா, ஒரே தகட்டில் இரண்டு நிறம் எடுக்க முடியுமா? வாவி நீலம், வேர் கறுப்பு.

மைவிரல்

முடியும், ஆனால் நான் அக்கா இல்லை, அண்ணன். 🙂

பாரிசில் வேலை செய்த அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி, நம்ம பக்கத்து ஆந்திராக்காரர், மையின் இளக்கத்தை மாற்றி மாற்றி ஒரே தகட்டில் பல நிறம் எடுக்கிற முறையை வளர்த்தவர்களில் ஒருவர். அதற்கு ஆழமாக அரித்த உலோகத் தகடும் மெத்தென்ற ஒரு ரோலரும் கெட்டியான ஒரு ரோலரும் வேணும், இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். துணியைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டி, நிறத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, நீலத்தை நீர்ப் பகுதியிலும் கறுப்பை வேரிலும் ஒற்றுங்க. துடைக்கும்போது நீலத்திலிருந்து கறுப்புப் பக்கம் போங்க, மறுவளமாகத் துடைத்தால் வாவி முழுக்க ஊத்தையாகிவிடும்.