வலியை எப்படிச் சொன்னீங்க? உங்க அனுபவத்தை எழுதுங்க

மேலூர்:
எங்கம்மா ஒரு தடவைகூட 'நெஞ்சு வலி'ன்னு சொல்லலை. அதுதான் இன்னும் மனசைப் போட்டு அரிக்குது. சுகர் ரொம்ப வருசமா இருக்கு. குழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தவங்க அதே கையோட தாடையைப் பிடிச்சுக்கிட்டாங்க. புளித்தண்ணி முழங்கை வழியா ஒழுகுது, துடைக்கக்கூட இல்லை. "தாடையை இழுக்குதுடி, தோள்பட்டை கனக்குது." அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அத்தை பல்லுவலின்னு நெனச்சுக் கிராம்பு எடுத்துட்டு வந்துட்டாங்க. வேர்த்து ஊத்துறதைப் பார்த்துத்தான் அண்ணன் ஆட்டோ பிடிச்சான். ஈசிஜி எடுத்த உடனே அட்டாக்குன்னு சொல்லிட்டாங்க. சுகர்ல நரம்பு கெட்டுப் போயிருந்தா நெஞ்சுல வலியே தெரியாமலும் வருமாம்.

உசிலம்பட்டி:
கல்லடைப்பு. பட்டவங்களுக்குத் தெரியும். பஸ்ஸு செக்கானூரணி தாண்டலை, விலாவுக்குக் கீழ பிடிச்சு அடிவயித்துக்கு இறங்குது. கண்டக்டர் இறக்கி விட்டுட்டாரு. டீக்கடை பெஞ்சுல படுத்தேன், எந்திரிச்சேன், தரையில உருண்டேன். திடீர்னு விட்டுருச்சு. அப்பாடான்னு டீயைக் கையில வாங்குறேன், மறுபடி முறுக்குது. கல்லைத் தள்ளப் பார்த்துச் சிறுநீர்க் குழாய் சுருங்குறப்பதான் அப்படி விட்டு விட்டு வருதாம். இதுக்கு மேல ஒரு வலி கிடையாது.

செல்லூர்:
உசிலம்பட்டி அண்ணே, உங்களால உருளவாச்சும் முடிஞ்சுச்சு. எனக்குக் குடல்வால். அசைஞ்சா செத்தேன். தொப்புளைச் சுத்தி லேசாத்தான் ஆரம்பிச்சுச்சு, ராத்திரிக்குள்ள வலது அடிவயித்துல வந்து உட்கார்ந்துக்கிச்சு. பெரியாஸ்பத்திரி போற வழியில ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்துனேன். டாக்டர் முதல்ல கேட்டதே அதைத்தான்: "வண்டி குலுங்குறப்ப வலிச்சுச்சா?"

சோழவந்தான்:
எனக்கு அக்கி. இடுப்புல இடது பக்கம் மட்டும். கொப்புளம் கிளம்புறதுக்கு முன்னாடியே எரிய ஆரம்பிச்சிருச்சு. பாவாடை நாடா உரசுனா உயிர் போகும், நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நடமாடினேன். பானை செய்யுற வேளார் வீட்ல போய்க் கொப்புளத்து மேல காவியில எழுதிக்கிட்டேன், குளுகுளுன்னு இருந்துச்சு. கொப்புளம் ஆறிருச்சு. எரிச்சல்தான் போகலை, ஃபேன் காத்து பட்டாலும் சுள்ளுங்குது.

திருமங்கலம்:
சோழவந்தான் அக்கா, எழுதுனதோட நிறுத்திருக்கக் கூடாது. எனக்கும் முதுகுல வந்துச்சு, மாத்திரையில அடங்கிருச்சு. சின்ன வயசுல சின்னம்மை போட்ட அதே கிருமிதான் நரம்புல பதுங்கிக் கிடந்து, உடம்பு தளர்றப்ப எந்திரிச்சு வருது. அதான் ஒரு நரம்பு போற வழியா ஒரு பக்கமாவே வருது. காவி மேல்தோலைக் குளிர வைக்கும், நரம்புல உள்ளதை என்ன செய்யும்? கொப்புளம் தெரிஞ்சு 72 மணி நேரத்துக்குள்ள வைரஸுக்கான மாத்திரையை ஆரம்பிச்சிரணும். நெத்தியில, மூக்கு நுனியில, கண்ணுப் பக்கம் வந்தா அன்னைக்கே கண் டாக்டரைப் பார்க்கணும். இப்ப மிச்சம் இருக்குற எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவா கேட்காது, நரம்பு வலிக்குன்னு தனியா மாத்திரை இருக்கு. டாக்டர்கிட்ட வெறும் வலின்னு சொல்லாதீங்க. எரியுது, துணி பட்டா, காத்து பட்டா சுள்ளுங்குதுன்னு இங்க எழுதுன மாதிரியே சொல்லுங்க. 50 வயசு தாண்டினவங்களுக்குத் தடுப்பூசியும் இருக்கு, வீட்ல பெரியவங்க இருந்தா கேட்டு வைங்க.

சோழவந்தான்:
தம்பி, குளுமையா இருந்துச்சுன்னு சொன்னது பொய்யில்லை. நரம்பு மாத்திரை சங்கதியைக் கேட்குறேன்.

அலங்காநல்லூர்:
வலி பெருசா இல்லாததுதான் ஆபத்தா இருந்துச்சு எனக்கு. கரும்புக்குச் சோகை உரிக்கிறப்ப செந்தேள். விரல்ல சுருக்குன்னுச்சு, அதோட சரி. கொஞ்ச நேரத்துல வாந்தி, சட்டை பூரா வேர்வை, கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு. டாக்டர் பிரசோசின் மாத்திரை கொடுத்துட்டு, அடிக்கடி வந்து உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. மகாராஷ்டிராவுல பவாஸ்கர்ங்கிற டாக்டர் 1980கள்ல தேள்கடிக்குக் கொண்டுவந்த வைத்தியமாம் அது. விடியக்காலம் கை சூடேறுன பிறகுதான் விரல் கடுக்கவே ஆரம்பிச்சுச்சு. "இப்பத்தான் வலிக்குது சார்"ன்னேன். "வலிக்கட்டும், இனி பயமில்லை"ன்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.