டிஒய்டி1 டிஸ்டோனியா: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் அக்கா மகனுக்கு 11 வயது. சில மாதங்களாக நடக்கும்போது வலது பாதம் உள்பக்கம் திருகிக்கொள்கிறது. மரபணுப் பரிசோதனையில் டிஒய்டி1 டிஸ்டோனியா (தசைகள் தாமாகவே இறுகித் திருகிக்கொள்ளும் மரபணு நோய்) என்று வந்திருக்கிறது. டார்1ஏ மரபணுவில் ஜிஏஜி என்ற மூன்றே டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் டார்சின்ஏ புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற ஓர் அலகு குறைந்து, எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் சவ்வு வலை) இருக்க வேண்டிய புரதம் உட்கரு உறையில் போய்ச் சேர்கிறது, செல் திணறுகிறது. இதுவரை படித்துப் புரிந்துகொண்டேன்.

அக்காவுக்கும் இதே மாற்றம் இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குத்தான் நோய் வருமாம். தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று அவள் தினமும் அழுகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

டாக்டர் மூளை ஆழ்தூண்டல் (மூளைக்குள் மின்முனை பொருத்தி மின்தூண்டல் தரும் அறுவைச் சிகிச்சை) பற்றிப் பேசுகிறார். பிள்ளைகளுக்குச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த வயதில் செய்தீர்கள், நடை எவ்வளவு நாளில் தேறியது? அப்புறம், அறிகுறியே இல்லாத அவனுடைய 6 வயதுத் தங்கைக்கும் இப்போதே பரிசோதனை செய்யலாமா?