சிலந்தி ஒன்று, கரப்பான் முந்நூறு

டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியை வளர்க்கிறவர்கள் கூடினால் பேச்செல்லாம் சிலந்தியைப் பற்றியே போகிறது. உண்மையில் அது பத்து நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். நம் உயிரை வாங்குவது அதற்குப் போடும் பூச்சிகள்தான். அதில் பட்டதை மட்டும் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். என்னிடம் இருப்பது பிராக்கிபெல்மா ஹமோரி என்ற வகை, பெண். கறுப்பு உடம்பு, முழங்காலில் ஆரஞ்சுப் பட்டை. கடையில் டப்பாவில் விற்கும் சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி) இரண்டை வெள்ளிக்கிழமை இரவு போடுவது வழக்கம். ஒரு வாரம் அது தொடவே இல்லை. பசிக்கும்போது பிடிக்கட்டும் என்று வண்டுகளை உள்ளேயே விட்டுவிட்டு, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு பர்மிங்ஹாம் போய்விட்டேன். ஞாயிறு இரவு வந்து பார்த்தால் சிலந்தி வலை விரித்து மல்லாந்து கிடக்கிறது. பழைய தோல் பாதி கழன்றிருந்தது. உள்ளேயிருந்து வந்த கால்கள் பாலாடை மாதிரி வெளுத்து, மெத்தென்று இருந்தன. ஒரு சில்வண்டு பின்னங்கால் மூட்டில் வாய் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தது. மூட்டில் தெளிவாக ஒரு சொட்டு நீர்.

இடுக்கியால் வண்டை எடுத்தேன். கை நடுங்கியதில் இரண்டு தடவை தவறியது. சிலந்தி பிழைத்துக்கொண்டது, கால்தான் போயிற்று. அடுத்த தடவை தோல் உரித்தபோது அந்த இடத்தில் குச்சி மாதிரி ஒன்று வந்தது, அதற்கடுத்த தடவைதான் காலாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் பிடிக்காத பூச்சியை மறுநாள் காலை வரை உள்ளே விடுவதில்லை. தோல் உரித்த பிறகும் அவசரப்படுவதில்லை. நச்சுப்பல் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும். முழுக்கக் கறுத்த பிறகுதான் தீனி.

அந்த வெறுப்பில் டூபியா கரப்பானுக்கு மாறினேன். இருபது பெண், ஐந்து ஆண். மூடியில் காற்றுக்கு வலை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி, செங்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், பக்கவாட்டில் சூடு தரும் ஹீட் மேட். முப்பது டிகிரியை ஒட்டி வைத்தால்தான் குட்டி போடும். ஆமாம், குட்டிதான். முட்டைக் கூட்டை வெளியே ஒட்டாமல் வயிற்றிலேயே வைத்திருந்து, இரண்டு மாதம் போல ஆனதும் ஒரேயடியாக இருபது முப்பது குஞ்சுகளை விடும். வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது, நாற்றமும் அவ்வளவாக இல்லை. நான் செய்த தப்பு பொறுமையில்லாமல் தாய்ப்பூச்சிகளையே எடுத்துப் போட ஆரம்பித்தது. குஞ்சு வளர்ந்து குட்டி போட நாலைந்து மாதமாவது ஆகும். அதுவரை கை வைக்கக்கூடாது. அப்புறம் பெருகியது பாருங்கள், ஒரு சிலந்திக்கு இப்போது முந்நூறு கரப்பான்.

திருச்சியிலிருந்து வந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "ஊர்ல லட்சுமண ரேகை போட்டு விரட்டினதை இங்க கேரட் நறுக்கிப் போட்டு வளர்க்கிறியாடா?"

*

ஹாரோவிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எங்கட வீட்டில் சிலந்தி மகனுடையது, பூச்சி வேலை மட்டும் என்னுடையது. அரை அங்குலம்கூட இல்லாத குஞ்சுகள் அவை. உயிரோடு எதைப் போட்டாலும் அவைதான் பயந்து ஓடும். மாவுப்புழுவை வெட்டி ஒரு துண்டை வலைக்குப் பக்கத்தில் வைப்பேன், இரவில் வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். மறுநாள் மிச்சத்தை எடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மாவுப்புழுவுக்குக் கோதுமைத் தவிடும் ஒரு துண்டு கேரட்டும் போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி அப்படியே நிற்கும், கிழமைக்கணக்காகக் கிடக்கும். இந்த நம்பிக்கையில் பெரிய சாதியான மோரியோ புழுவையும் ஒருக்கா ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்று நாளில் ஒரு டப்பா முழுக்கக் கறுத்துச் செத்துப்போயிற்று. அதற்குக் குளிர் ஆகாதாம். கூட்டமாக வைத்தால் அது கூட்டுப்புழுவாக மாறவும் மாறாது. ஒவ்வொன்றாகத் தனிச் சின்ன டப்பாவில் போட்டால்தான் சுருண்டு மாறும். இருபது மூடியில் ஊசியால் துளை போட்டது நான், "என்ர வண்டுகள்" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது மகன்.

ஒன்றை மறந்துவிட்டேன். மாவுப்புழுவை முழுதாகப் போட்டால் மண்ணுக்குள் புதைந்துவிடும். ஒரு மாதம் கழித்துக் கறுப்பு வண்டாக வெளியே வந்து நடக்கும். போடுவதற்கு முன் தலையை நசுக்கிவிடுங்கள்.

*

டூபியா பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாலு வருடம் வளர்த்தேன். முதலில் பெட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் மட்டும் தும்மல். பிறகு மணிக்கட்டில் தடிப்பு. கடைசியில் அந்த அறைக்குள் நுழைந்தாலே கண் அரிக்கும். கரப்பானின் கழிவுத் தூளும் உதிர்ந்த தோலும் மூச்சில் போய் ஒவ்வாமை வருவது உண்டு என்று மருத்துவர் சொன்னார். முகக்கவசமும் கையுறையும் போட்டுத்தான் சுத்தம் செய்யவேண்டும், திறந்த இடத்தில். நான் தாமதமாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது வெட்டுக்கிளிதான். விலை கூடுதல், வெளிச்சமும் சூடும் பச்சைப் புல்லும் கேட்கும். ஆனால் கத்தாது, சில்வண்டு அளவுக்குச் சிலந்தியைக் கடிக்கப் போகாது. தோட்டத்தில் பிடித்ததைப் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் ரோஜாவுக்கு என்ன அடித்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?

*

எல்லாரும் சில்வண்டைத் திட்டுவதால் அதன் பக்கம் ஒரு ஆள். அது ஓடும், துள்ளும். பட்டினி கிடக்கும் சிலந்தியைக்கூட எழுப்பிவிடும். ஈரமான தென்னைநார்த் தூள் ஒரு கிண்ணத்தில் வைத்தால் ஊசி மாதிரி வாலை இறக்கி முட்டையிடும். சூட்டில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் எள்ளு எள்ளாகக் குஞ்சுகள்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், வீட்டுச் சில்வண்டு என்று விற்றுக்கொண்டிருந்த பழுப்பு வகை திடீரென்று கிடைக்காமல் போனது. டென்சோவைரஸ் என்ற கிருமி. ஐரோப்பாவில் 2002 வாக்கில், வட அமெரிக்காவில் 2009, 2010 வாக்கில் பண்ணை பண்ணையாகக் கொன்றது. அதன் பிறகுதான் பட்டை போட்ட சில்வண்டெல்லாம் கடைக்கு வந்தது.

சத்தம் மட்டும் என்னாலும் தாங்கமுடியாது. கத்துவது ஆண்கள்தான். ஒன்று தப்பித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் பதினோரு நாள் பாடியது. பன்னிரண்டாம் நாள் நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை.

*

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், டூபியாவைப் போட்டால் சிலந்தி திரும்பியே பார்க்கவில்லை, ஏன் என்று. டூபியா மண்ணைத் தொட்டதும் செத்த மாதிரி அசையாமல் கிடக்கும், பிறகு புதைந்துகொள்ளும். சிலந்திக்குப் பார்வை மந்தம், அதிர்வுதான் எல்லாம். நான் கரப்பான் தலையை இலேசாக நசுக்கி, மல்லாக்கப் போட்டு, இடுக்கி நுனியால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவேன். நேற்று அப்படித் தட்டியதும் பாய்ந்து வந்து இடுக்கியைப் பிடித்துக்கொண்டது. கரப்பான் பக்கத்திலேயே கால் உதறிக்கொண்டிருந்தது.