ஒரே பில் நம்பர், இரண்டு ஊர்

இரண்டு சர்வரும் தொடர்பு அறுந்து, ஆளுக்கு ஆள் "நான்தான் தலைமை" என்று எழுத ஆரம்பிக்கும் ஸ்பிளிட்-பிரெய்ன் கதை இது. ஜூன் மாதம் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் எங்கள் பக்கம் வாய்க்கால் தூர்வாருவார்கள். அதில் ஒரு ஜேசிபி எங்கள் ஃபைபர் கேபிளைச் சேர்த்து அள்ளிவிட்டது. உர மொத்த வியாபாரம். தஞ்சாவூரில் ஒரு சர்வர், கும்பகோணம் கிளையில் ஒன்று, நடுவில் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன், அதாவது ஒரு டேட்டாபேஸில் எழுதுவது மற்றதற்கும் நகலாகும். மூன்று முறை பிங் போகாவிட்டால் கும்பகோணம் தானே பிரைமரி (எழுதும் உரிமை உள்ள சர்வர்) ஆகட்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதியது நான்தான். பதில் வரவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமா? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

தஞ்சாவூர் அது பாட்டுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தது, கும்பகோணமும் போட்டது. மதியம் கேபிளை ஒட்டிய பிறகு பார்த்தால் 18412 என்ற எண்ணில் இரண்டு பில். ஒன்றில் டிஏபி நான்கு மூட்டை, மற்றதில் யூரியா பத்து மூட்டை. இதைவிடக் கொடுமை, குடோனில் கிடந்த கடைசி டிஏபி லாட்டை இரண்டு ஊரிலும் விற்றிருந்தோம். ஒரு சர்வரை மற்றதோடு ஒத்துப்போகப் பின்னால் இழுக்கும் பிஜி ரீவைண்ட் ஓட்டினால் ஒரு பக்கம் நேராகிவிடும், ஆனால் அந்தப் பக்கம் எழுதியதெல்லாம் போய்விடும். முதலில் டம்ப் (முழு நகல்) எடுத்தேனோ, பிழைத்தேன். இரவு முழுக்கக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, கார்பன் காப்பியைப் பார்த்துப் பார்த்துக் கையால் சேர்த்தோம்.

இப்போது பிரைமரி யார் என்று பார்த்துக்கொள்வது பேட்ரோனி. அதற்கு ஓட்டெடுப்பு நடத்தும் எட்சிடி மூன்று இடத்தில். மூன்றாவது திருச்சியில், அதற்கு எங்கள் ஊரிலிருந்து சிம் இணைப்பில். மூன்றில் இரண்டு ஓட்டு இல்லாத பக்கம் பிரைமரியாக இருக்க முடியாது. பிரைமரி கையில் இருக்கும் லீடர் கீயின் (தலைமைச் சீட்டு) ஆயுள் 30 வினாடி. அதைப் புதுப்பிக்க முடியாவிட்டால் பிரைமரி தானே இறங்கிவிடும்.

—

எனக்கும் இதே கதை, கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், மன்னார்குடியில். இரண்டு சர்வரும் ஒரே அறையில் இருப்பதால் பிரியாது என்று நினைத்தேன். சர்வர்கள் ஜெனரேட்டர் லைனில். ஒன்று மற்றதிடம் "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும் ஹார்ட்பீட் போகும் குட்டி நெட்வொர்க் சுவிட்சை மட்டும் யாரோ ஃபேன் இன்வெர்ட்டரில் சொருகியிருந்தார்கள். பேட்டரி தீர்ந்ததும் இரண்டுமே "நான்தான் பிரைமரி" என்று ஒரே ஐபியைப் பிடித்துக்கொண்டன. சர்வர் மாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் மென்பொருளில் ஃபென்சிங்கை (மற்ற சர்வரை வெட்டி ஒதுக்குவதை) "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அணைத்து வைத்திருந்த புண்ணியவான் நானே. மற்றதன் கரண்டைப் பிடுங்கிய பிறகுதான் பதவி ஏற்க வேண்டும், அதற்குத்தான் ஸ்டோனித் என்ற ஃபென்சிங் முறை.

—

இருவரும் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். 2018 அக்டோபர் 21-இல் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் பெரிய தளமான கிட்ஹப்புக்கு இணைப்பு போனது 43 வினாடிதான். அமெரிக்காவின் இரண்டு கரையிலும் இருந்த மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிவிட்டன; சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. சரி, ஒரு சந்தேகம் தஞ்சாவூர் அண்ணே. அந்த சிம்முக்கு உங்கள் ஊரில் சிக்னல் தரும் டவருக்கு ஃபைபர் எந்தக் கரை வழியாகப் போகிறது?

—

போய்ப் பார்த்தேன். அதே வாய்க்கால் கரைதான். நாளைக்கு வேறு கம்பெனி சிம் வாங்கப் போகிறேன்.